ஐதிகம் ஆகமமாகும் வழி: மொழி மாதிரிகளும் தாம்பரம் பகுதி வெள்ள வதந்திகளும்

ஆய்வுச் சுருக்கம்

வாய்வழிப் பரவிய வதந்தி கைபேசிச் செய்தியாகி, இன்று வினாவுக்கு விடை தரும் இயந்திரத்தின் உரையாகவும் உருவெடுக்கிறது. தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களை ஒட்டி எழுந்த மூன்று கூற்றுகளைக் கொண்டு இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. மணிமேகலை கூறும் அளவைகளும் அளவைப் போலிகளும் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி ஐதிகத்தை ஆகமத்தின் தோற்றத்தோடு தருகிறது என்பதும், கேள்வியறிவைக் குறிக்கும் தமிழின் ‘ஆம்’ ஒட்டு அப்போக்கில் மறைந்துபோகிறது என்பதும், அதே கருவி தக்க சான்றுகளோடு இயங்கும்போது தவறான நம்பிக்கையைத் தளர்த்தவும் வல்லது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: வதந்தி, சதி நம்பிக்கை, மொழி மாதிரி, அளவை, ஐதிகம், மணிமேகலை, அடையாறு, முடிச்சூர்.

முன்னுரை

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் ஆகிய பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளங்கள் நீரில் மூழ்கின. மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நின்றன. அந்நிலையில் மக்களின் கைபேசிகளுக்கு வந்த செய்திகளுள் எது மெய், எது பொய் எனப் பிரித்தறிவது உயிர் காக்கும் செயலாயிற்று.

அன்று வதந்திக்கும் மக்களுக்கும் இடையே நின்ற கருவி வாட்ஸ்அப். 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. 2024 ஜூன் மாதத்தில் மெட்டா நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இந்தியாவில் வாட்ஸ்அப் செயலிக்குள்ளேயே இடம்பெற்றது. வதந்தியைக் கொண்டுவந்து சேர்க்கும் செயலியே அதைப் பற்றிய ஐயத்துக்கு விடையும் சொல்லும் நிலை இதனால் ஏற்பட்டது.

‘மொழி மாதிரிகள் வதந்தியைப் பெருக்குமா, குறைக்குமா’ என்ற வினா இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும்படி கேட்கிறது. எந்தச் சூழலில் பெருக்கும், எந்தச் சூழலில் குறைக்கும் என்று கேட்பதே பயனுடையது. பொதுப்பதிவில் உள்ள நிகழ்வுகள், அப்பகுதியின் நீரியல் அமைப்பு, வெளிவந்துள்ள உளவியல், கணினியியல் ஆய்வுகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடை காண முயல்கிறது.

1. அளவைகளும் அளவைப் போலிகளும்

அறிவு எவ்வழியில் கிடைக்கிறது என்பதைக் கொண்டு அதன் தகுதியை மதிப்பிடும் மரபு தமிழில் தொன்மையானது. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம் முதலாகப் பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். இவற்றுள் இவ்வாய்வுக்கு இன்றியமையாதவை நான்கு: நேரில் அறியும் காண்டல், குறியைக் கொண்டு உய்த்துணரும் கருதல், அறிவன் ஒருவனின் நூலைச் சான்றாகக் கொள்ளும் ஆகமம், ஊரார் வழங்கும் உரையை மெய்யெனக் கொள்ளும் ஐதிகம்.

ஐதிகத்துக்கு அக்காதை தரும் சான்று எளியது: இம்மரத்தில் பேய் உண்டு என ஊரார் சொல்வதைக் கேட்டுத் தெளிதல். சொன்னவர் யார், எப்போது கண்டார் என்ற வினாக்களுக்கு அங்கே இடமில்லை. ஆகமத்திலோ நூலுக்குப் பின்னே அறிந்தவன் ஒருவன் நிற்கிறான். அவனுடைய அறிவே நூலுக்குத் தகுதி தருகிறது. இரண்டும் பிறர் சொல்லை நம்புதலே எனினும், பொறுப்பேற்பவர் உண்டா இல்லையா என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன.

அளவைபோலத் தோன்றி அளவையாகாத எட்டையும் அளவைவாதி விளக்குகிறான். ஒன்றை மற்றொன்றாக மாறிக் கொள்வது திரியக்கோடல். ஆராயாமல் தறியை மனிதன் என முடிவுகட்டுவது தேராது தெளிதல். முயலின் கொம்புபோல, இல்லாத பொருள் சொல்லின் வலிமையால் மட்டுமே கருத்தில் தோன்றுவது இல்வழக்கு. காரணம் அறியாது பிறர் சொன்னதைக்கொண்டு கருதிக்கொள்வது நினைப்பு. வதந்தியின் வகைகளைப் பாகுபடுத்த இச்சொற்கள் இன்றும் பொருந்துகின்றன.

பின்னர்த் தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையில் அறவண அடிகள் காட்சி, கருத்து என அளவை இரண்டே எனவும், ஏனையவை கருத்தளவையில் அடங்கும் எனவும் நிறுவுகிறார். இதன் பயன் பெரிது. பிறர் சொல் தன்னளவில் சான்றாகாது. அச்சொல்லை நம்புவதற்கான ஏதுவை ஆராய்ந்தபின்னரே அது சான்றாகும் என்பது அதன் உட்கிடை. சொல்பவரைப் பொருட்படுத்தாது சொல்லப்பட்டதன் மெய்ப்பொருளை நாடுவதை அறிவு எனத் திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம் கொள்வதும் இதனோடு ஒத்துச் செல்கிறது.

2. மூன்று கூற்றுகள்

2.1 நாசாவின் பெயரால் வந்த எச்சரிக்கை

2015 வெள்ளத்தின்போது, சென்னையில் இதனினும் கொடிய மழை வரவிருப்பதாக அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா எச்சரித்துள்ளது என்ற செய்தி பரவிற்று. நாசா அவ்வாறு எதையும் அறிவிக்கவில்லை. அறிவன் இல்லாத இடத்தில் அறிவனின் பெயரை ஒட்டி, ஐதிகத்தை ஆகமமாகக் காட்டிய செயல் அது.

பேரிடர்க்குப் பின் பேரிடர் வரும் என்னும் வதந்தி இந்திய ஆய்வுலகில் முன்னரே ஆராயப்பட்டது. 1934 ஜனவரி 15ஆம் நாள் நிகழ்ந்த பீகார் நிலநடுக்கத்தை ஒட்டிய வதந்திகளை ஜமுனா பிரசாத் தொகுத்து 1935இல் வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் அழிவைக் காணாத பகுதிகளில், இனி வரவிருக்கும் பேரழிவுகள் பற்றிய வதந்திகள் மிகுந்திருந்தன. 1952இல் துர்கானந்த் சின்ஹா டார்ஜிலிங் நிலச்சரிவை ஆராய்ந்தபோது, அழிவை நேரில் கண்ட மக்களிடையே அத்தகைய மிகைப்பட்ட வதந்திகள் காணப்படவில்லை. அச்சம் முதலில் தோன்ற, அதற்குரிய காரணத்தை மனம் பின்னர்த் தேடிக்கொள்கிறது என லியோன் ஃபெஸ்டிங்கர் இவ்வேறுபாட்டிலிருந்து உய்த்துணர்ந்தார். 1957இல் அவர் வெளியிட்ட அறிவு முரண் கோட்பாட்டுக்கு இவ்வாய்வுகள் ஒரு தூண்டுகோலாயின.

முடிச்சூர் மக்கள் அழிவை நேரில் கண்டவர்கள். எனினும் எதிர்கால அழிவு பற்றிய வதந்தி அவர்களையும் எட்டியது. கைபேசி வலைப்பின்னல், வெள்ளத்தில் சிக்கியவரையும் தொலைவிலிருந்து அஞ்சும் உறவினரையும் ஒரே குழுவில் இணைத்துவிட்டதே இதற்குக் காரணமாகலாம். பிரசாத் கண்ட ஊரும் சின்ஹா கண்ட ஊரும் ஒரே திரையில் கலந்துவிட்டன எனலாம்.

2.2 இரண்டு முதலைகள்

அதே 2015 மழையின்போது, கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில் உள்ள சென்னை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற செய்தி பரவிற்று. பண்ணையின் நிருவாகம் அதை மறுத்தது. அது பொய்.

2023 டிசம்பர் 4ஆம் நாளை ஒட்டி மிக்ஜாம் புயலின் பெருமழை பெய்துகொண்டிருந்தபோது, பெருங்களத்தூர்ப் பகுதியில் இரவு நேரத்தில் சாலையை ஒரு முதலை கடக்கும் காணொலி பரவிற்று. முந்தைய பட்டறிவு உடையோர் இதையும் வதந்தி எனத் தள்ள நியாயம் இருந்தது. ஆனால் இம்முறை செய்தி மெய். சென்னையைச் சுற்றியுள்ள சில நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் வாழ்கின்றன என்றும், அவை மனிதரை விலகிச் செல்லும் இயல்பின என்றும், நீர்நிலை நிரம்பி வழிந்ததால் அது வெளியே வந்தது என்றும், அஞ்சவேண்டியதில்லை என்றும் வனத்துறைச் செயலர் சுப்ரியா சாஹு விளக்கினார்.

இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துவது யாது? ‘வெள்ளத்தில் முதலை’ என்னும் கூற்று ஒன்றே. 2015இல் வடநெம்மேலியைச் சுட்டியபோது அது பொய். 2023இல் பெருங்களத்தூரைச் சுட்டியபோது அது மெய். கூற்றின் வடிவத்தைக் கொண்டு மெய்ம்மையை அளக்க இயலாது. காலம், இடம், சொன்னவர் ஆகிய மூன்றும் இணைந்தே அதை முடிவு செய்கின்றன. பொய்யை நம்புவது ஒரு பிழை. பொய்க்கு அஞ்சி மெய்யையும் மறுப்பது மற்றொரு பிழை. முதலாவது தேராது தெளிதல் எனில், இரண்டாவது தேராது மறுத்தல்.

2.3 செம்பரம்பாக்கமும் முடிச்சூரும்

மூன்றாம் கூற்று முற்றிலும் பொய்யன்று. ஆகையால் திருத்துவதற்கு அரியது. ‘செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் முடிச்சூர் மூழ்கியது’ என்பது அக்கூற்று.

இதில் மெய்யான பகுதி ஒன்று உண்டு. 2015 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கி 21 மணி நேரம் வினாடிக்கு 29,000 கனஅடி நீர் அவ்வேரியிலிருந்து வெளியேற்றப்பட்டதை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை குறைகூறியது. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட அவ்வறிக்கை, அவ்வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் எனக் கருதியது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் போன்ற அடையாற்றின் கீழ்ப்பகுதிகளுக்கு இவ்வாதம் நேராகப் பொருந்தும்.

ஆயின் ஆற்றின் அமைப்பை நோக்கவேண்டும். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகச் சென்று திருநீர்மலைக்கு அருகே அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அக்கூடலுக்கு மேலே உள்ளவை. அவற்றுக்கு வரும் வெள்ளம் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், ஒரத்தூர் முதலிய ஏரிகளின் நீர்ப்பிடிப்பிலிருந்து வருகிறது. 2015 நவம்பர் நடுப்பகுதியிலேயே, டிசம்பர் 1ஆம் நாளின் வெளியேற்றத்துக்கு முன்னரே, இப்பகுதிகள் ஒருமுறை மூழ்கியதும் இதை உறுதிசெய்கிறது. கீழே நீர்மட்டம் உயர்ந்தால் மேலிருந்து வரும் நீர் வடிவது தாமதமாகலாம். ஆனால் அது முதற்காரணம் ஆகாது.

ஒரு பகுதிக்குப் பொருந்தும் உண்மையை மற்றொரு பகுதிக்கும் ஏற்றிச் சொல்வதால் இக்கூற்று திரியக்கோடலின் வகையில் அடங்கும். இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. முடிச்சூரில் வாழும் ஒருவர் ஒவ்வொரு மழைக்காலத்திலும் செம்பரம்பாக்கத்தின் 24 அடி முழுக் கொள்ளளவு மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அவ்வேரி திறக்கப்படாத நாளில் தமக்கு இடரில்லை என எண்ணிவிடுவார். நீரோ ஆதனூர்ப் பக்கத்திலிருந்து வந்துசேரும்.

இக்கூற்றோடு ‘வேண்டுமென்றே’ என்னும் சொல் சேர்ந்துவிட்டால் அது சதி நம்பிக்கையாக மாறுகிறது. நிருவாகக் குறை தணிக்கையால் அளக்கத்தக்கது. ஆவணங்களால் மெய்ப்பிக்கவும் மறுக்கவும் கூடியது. சதி நம்பிக்கையோ மறுப்பையும் மறைப்பின் சான்றாகவே கொள்ளும். மெய்யான குறையைச் சுட்டுவோரையும் சதி பேசுவோரையும் ஒரே தட்டில் வைப்பது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது.

3. மொழி மாதிரி விடை தரும் முறை

மொழி மாதிரி என்பது பெருந்தொகையான எழுத்துகளிலிருந்து, ஒரு சொற்றொடரை அடுத்து எச்சொல் வருவது இயல்பு என்பதைக் கற்றுக்கொண்ட கணினி அமைப்பு. பின்னர் மனிதரின் மதிப்பீடுகளைக் கொண்டு அது உரையாடலுக்கு ஏற்பச் சீர்செய்யப்படுகிறது. அது கற்ற எழுத்துகளில் தணிக்கை அறிக்கையும் உண்டு, தெருப்பேச்சும் உண்டு. அதன் முதல்நிலைப் பயிற்சியில் இரண்டும் சொல்வரிசைகளே. எது பரவலாகச் சொல்லப்பட்டது என்பதும் எது மெய் என்பதும் அங்கே தாமாகப் பிரிவதில்லை.

இதனைச் சோதிக்க ஸ்டெஃபனி லின், ஜேகப் ஹில்டன், ஓவைன் எவன்ஸ் ஆகியோர் 2021இல் ஒரு வினாத்தொகுதியை உருவாக்கினர். மனிதர் பொதுவாகத் தவறாக நம்பும் செய்திகளைச் சுற்றி 38 துறைகளில் 817 வினாக்கள் அதில் அமைந்தன. மனிதரின் விடைகள் 94 விழுக்காடு மெய்யாக இருக்க, சோதிக்கப்பட்ட மாதிரிகளுள் சிறந்தது 58 விழுக்காட்டையே எட்டியது. பெரிய மாதிரிகள் சிறியவற்றைவிடப் பொதுவாகக் குறைந்த மெய்ம்மையே காட்டின. பரவலான பிழையை அவை இன்னும் செம்மையாகக் கற்றிருந்ததே காரணம் எனக் கருதப்பட்டது. அதன்பின் வந்த மாதிரிகள் பெரிதும் மேம்பட்டுள்ளன. எனினும் அடிப்படைச் சிக்கல் அங்கே தெளிவாக வெளிப்பட்டது.

இன்னும் இரண்டு இயல்புகள் கருதத்தக்கவை. முதலாவது, இல்லாததைப் புனைதல். சான்று கிடைக்காதபோதும் மாதிரி ஓட்டம் குன்றாத விடையை ஆக்கவல்லது. இல்லாத நூல், நிகழாத அறிவிப்பு, சொல்லப்படாத கூற்று ஆகியவை அவ்விடையில் தோன்றக்கூடும். சொல்லின் வலிமையால் மட்டுமே பொருள் உள்ளதுபோல் தோன்றும் இல்வழக்குக்கு இதனினும் பொருத்தமான இக்கால எடுத்துக்காட்டு அரிது. இரண்டாவது, கேட்பவருக்கு இசைதல். ஆந்த்ரோபிக் நிறுவன ஆய்வாளர்களும் பிறரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து உரையாடல் உதவியாளர்களிடம் இப்போக்கைக் கண்டது. கேட்பவரின் கருத்தை ஒட்டிய விடையை மனிதர் விரும்புவதால், அவ்விருப்பத்தைக் கொண்டு பயிற்றப்பட்ட மாதிரியும் இசைந்து போகப் பழகுகிறது. ‘செம்பரம்பாக்கத்தை வேண்டுமென்றே திறந்து முடிச்சூரை மூழ்கடித்தது ஏன்’ என்று கேட்பவர், வினாவுக்குள்ளேயே இரண்டு முடிவுகளை வைத்துவிடுகிறார். அவற்றை முதலில் பிரித்துக்காட்டாமல் ‘ஏன்’ என்பதற்கு மட்டும் விடை தரும் கருவி, அவ்விரு முடிவுகளையும் வழிமொழிந்ததாகிறது.

நெருக்கடிக் காலத்தில் இவ்விடர் மிகுகிறது. வதந்தியின் வலிமை பொருளின் இன்றியமையாமையையும் செய்தியின் தெளிவின்மையையும் பெருக்கிவரும் விளைவு என ஆல்போர்ட், போஸ்ட்மேன் ஆகியோர் 1947இல் கூறினர். நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போது நம்பத்தக்க எழுத்து குறைவு; மக்களின் வினாவோ மிகுதி. 2025 மே மாத இந்திய – பாகிஸ்தான் மோதலின்போது, சூடான் நாட்டுக் கார்ட்டூம் விமான நிலையத்தின் பழைய காணொலியைப் பாகிஸ்தான் விமானத் தளத்தின் மீதான தாக்குதல் என க்ராக் என்னும் உதவியாளர் தவறாக அடையாளம் காட்டியது. ஐயம் தீர்க்கக் கேட்டவர்களுக்கு ஐயமின்றிப் பிழை கிடைத்தது.

4. ‘ஆம்’ ஒட்டின் மறைவு

ஒரு செய்தியைத் தாம் கண்டதாகவா, கேட்டதாகவா சொல்கிறார் என்பதை வினைமுற்றிலேயே காட்டும் வாய்ப்பு தமிழுக்கு உண்டு. ‘முதலை வந்தது’ என்பது பேசுபவரின் உறுதி. ‘முதலை வந்ததாம்’ என்பது பிறர் சொல்லக் கேட்ட செய்தி. பின்னதில் பேசுபவர் செய்தியைக் கடத்துகிறார். அதன் மெய்ம்மைக்குப் பொறுப்பேற்கவில்லை. மொழியியலார் சான்றுநிலை எனக் குறிக்கும் இப்பண்பை, ஐதிகத்தின் இலக்கண அடையாளம் எனலாம். தெருமுனையில் நிற்கும் ஒருவர் ‘ஆதனூர் ஏரி உடைஞ்சிடுச்சாம்’ என்று சொல்லும்போதே, ‘நான் பார்க்கவில்லை, கேட்டுக்கொள்’ என்ற எச்சரிக்கையையும் அதே மூச்சில் தந்துவிடுகிறார்.

இவ்வொட்டு பேச்சுத் தமிழில் உயிர்ப்போடு வழங்குகிறது. எழுத்துத் தமிழில், குறிப்பாகச் செய்தி நடையிலும் பாடநூல் நடையிலும், அதன் இடத்தில் ‘கூறப்படுகிறது’ போன்ற தொடர்கள் வருகின்றன. அல்லது எதுவும் வருவதில்லை. மொழி மாதிரிகள் பெரிதும் எழுத்து நடையிலேயே விடை தருகின்றன. ஆகவே பேச்சு வழக்கில் வந்த வதந்தியைச் சுருக்குமாறோ விளக்குமாறோ கேட்கும்போது, ‘உடைந்ததாம்’ என்பது ‘உடைந்தது’ என மாற வழியுண்டு. ஒரே ஓர் ஒட்டு நீங்குவதால் கேள்வி உறுதியாகிறது. அதனோடு பத்திப் பிரிப்பும் எண்ணிட்ட காரணங்களும் சேரும்போது, நூல் வடிவம் முழுமை பெறுகிறது.

ஐதிகம் ஆகமமாகும் வழி இதுவே. ஆகமத்துக்கு வேண்டிய நூல் நடை இங்கே இருக்கிறது, அறிவன் இல்லை. 2015இல் வதந்தியைத் தொடுத்தவர் நாசாவின் பெயரைக் கடன் வாங்கவேண்டியிருந்தது. இன்றைய கருவியின் விடைக்கு அப்பெயரும் வேண்டுவதில்லை. அதன் நடையே தகுதிச் சான்றாகத் தோன்றுகிறது.

5. தமிழ்த் தரவின் குறை

மொழி மாதிரிகளின் பயிற்சிக்கு அடிப்படையாகும் இணைய எழுத்துத் தொகுப்புகளில் ஆங்கிலம் பெரும்பங்கு வகிக்கிறது. தமிழின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. யூனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் பொதுவாக மூன்று பைட்டுகளைக் கொள்வதால், பல மாதிரிகளில் ஒரே கருத்தைத் தமிழில் கையாள ஆங்கிலத்தைவிட மிகுதியான துண்டுகள் தேவைப்படுகின்றன.

தரவின் குறை இருவகையில் வினைபுரிகிறது. பேரூர் பற்றிய செய்தி சிற்றூர் பற்றிய செய்தியை விழுங்கிவிடுவது ஒன்று. சென்னை வெள்ளம் பற்றிய எழுத்துகளில் செம்பரம்பாக்கம் எங்கும் உண்டு. ஆதனூர் ஏரியும் மண்ணிவாக்கமும் அரிதாகவே வருகின்றன. எனவே முடிச்சூர் பற்றிக் கேட்டாலும் செம்பரம்பாக்கமே விடையில் முந்தி நிற்கக்கூடும். இங்கே எவரும் பொய் சொல்லவில்லை. மிகுதியாகச் சொல்லப்பட்டது குறைவாகச் சொல்லப்பட்டதை மறைக்கிறது. மற்றொன்று, மறுப்பு மூலத்தைச் சென்றடையாமை. வதந்தி தமிழில் பரவ, மறுப்பு ஆங்கிலத்தில் வெளிவரின் தமிழில் வினவுபவருக்கு அம்மறுப்பு எட்டுவது உறுதியன்று. யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்பு அமைப்புகளின் பணி, மனிதர் படிப்பதற்கு மட்டுமன்றி இவ்வகையிலும் தேவையாகிறது.

6. திருத்தும் ஆற்றலும் அதன் எல்லையும்

மொழி மாதிரிகள் தவறான நம்பிக்கையை வளர்க்க மட்டுமே வல்லவை எனக் கொள்வது பிழை. தாமஸ் காஸ்டெல்லோ, கார்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் ஆகியோர் 2024 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. சதி நம்பிக்கை உடைய 2,190 அமெரிக்கர்கள், தம் நம்பிக்கையையும் அதற்குரிய காரணங்களையும் சொல்லி, ஜிபிடி–4 டர்போ மாதிரியோடு உரையாடினர். நம்பிக்கையின் உறுதி சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது. இரண்டு மாதங்களுக்குப் பின்னும் அவ்விளைவு நிலைத்திருந்தது. மாதிரி முன்வைத்த கூற்றுகளுள் 128ஐத் தொழில்முறைச் சரிபார்ப்பாளர் ஆராய்ந்தபோது 99.2 விழுக்காடு மெய் எனக் கண்டார்.

இவ்விளைவுக்குக் காரணம் இயந்திரத்தின் பெயரன்று. ஒவ்வொருவரும் சொன்ன குறிப்பிட்ட காரணத்துக்கு அதற்கேற்ற சான்று தரப்பட்டதே. பொதுவான அறிவுரை அசைக்காத நம்பிக்கையைக் குறிப்பான சான்று தளர்த்தியது. முடிச்சூர்க்காரர் ஒருவரிடம் ‘வதந்தியை நம்பாதீர்’ என்பது வீண். கூடல் திருநீர்மலையில் உள்ளது, உங்கள் ஊர் அதற்கு மேலே உள்ளது, நவம்பரிலேயே நீங்கள் மூழ்கினீர்கள் எனக் காட்டுவதே பயன்படும்.

ஆயினும் இவ்வாய்வில் மாதிரி திருத்தும் நோக்கோடு பணிக்கப்பட்டிருந்தது. எடுத்துக்கொண்ட பொருள்கள் பலவும் ஆங்கிலத்தில் நன்கு எழுதப்பட்டவை. அதே ஆண்டு மாத்யூ டிவெர்னாவும் பிறரும் வெளியிட்ட ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டியது. பொய்த் தலைப்புகளுள் பெரும்பாலானவற்றைச் சாட்ஜிபிடி சரியாக இனங்கண்டது. எனினும் மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் மக்களின் திறனை அது மொத்தத்தில் உயர்த்தவில்லை. மெய்யான தலைப்பைப் பொய் என அது தவறாகச் சொன்னபோது மக்கள் அம்மெய்யை நம்புவது குறைந்தது. பொய்யான தலைப்பைப் பற்றித் தனக்கு உறுதியில்லை என்று அது சொன்னபோது மக்கள் அப்பொய்யை நம்புவது கூடியது.

பெருங்களத்தூர் முதலையை இங்கே மீண்டும் எண்ணிப்பார்க்கலாம். ‘முதலை தப்பியது வதந்தி’ என்னும் 2015ஆம் ஆண்டின் மறுப்பைக் கற்றிருக்கும் மாதிரி, 2023ஆம் ஆண்டின் மெய்யான காணொலியையும் பொய் எனச் சொல்லிவிட்டால், டிவெர்னா குழுவினர் கண்ட முதல் தீங்கு நேரும். பழைய மறுப்பே புதிய பிழைக்கு விதையாகும்.

7. செய்யத்தக்கவை

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு செயல்கள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஏரிகளின் நீர்மட்டம், திறப்பு, எச்சரிக்கை ஆகியவற்றைப் பட வடிவில் மட்டுமன்றிக் காலமும் இடமும் குறித்த தமிழ் எழுத்து வடிவிலும் வெளியிடல் வேண்டும். செம்பரம்பாக்கத்தோடு ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் ஆகியவற்றின் நிலையும் அதில் இடம்பெறுதல் வேண்டும். 2021 நவம்பரில் மாநகராட்சியான தாம்பரத்துக்கு இப்பணி இயல்பாகவே பொருந்தும்.

இரண்டாவதாக, மறுப்பு எழுதுவோர் ‘முதலை வதந்தி’ எனப் பொதுப்படச் சொல்லாது, ‘2015 டிசம்பர், வடநெம்மேலிப் பண்ணை’ எனக் காலத்தையும் இடத்தையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். எல்லை குறிக்கப்படாத மறுப்பு பின்னாளில் மெய்யையும் மறைக்கும்.

மூன்றாவதாக, தமிழில் விடை தரும் கருவிகளை மதிப்பிடும்போது, ‘ஆம்’ ஒட்டையும் ‘என்கிறார்கள்’ முதலிய தொடர்களையும் அவை காக்கின்றனவா என்பதைத் தனி அளவுகோலாகக் கொள்ளலாம். இதற்கு வேண்டிய வினாத்தொகுதியை உருவாக்கும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது. சான்றுநிலையின் நுட்பத்தைக் கணினியியலார் தனியே கண்டறிவார் என எதிர்பார்ப்பது பொருந்தாது.

நான்காவதாக, மணிமேகலையின் அளவைப் பகுதிகளை மாணவர்க்குச் சமய வரலாறாக மட்டும் கற்பிக்காமல் செய்தியை ஆராயும் பயிற்சியாகவும் கற்பித்தல் வேண்டும். இதைக் கண்டவர் யார், எந்நாளில், எவ்விடத்தில், எதை ஏதுவாகக் கொண்டு சொல்கிறார் என்னும் வினாக்களை மாணவர் கைபேசிச் செய்தியிடமும் இயந்திர விடையிடமும் ஒருங்கே எழுப்பப் பழகுதல் வேண்டும்.

முடிவுரை

வாட்ஸ்அப் செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற வரம்பு 2018இல் இந்தியாவில் விதிக்கப்பட்டது. குழந்தை கடத்தல் வதந்தியை நம்பிய கூட்டங்கள் தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் உயிர்களைப் பறித்தபின் வந்த வரம்பு அது. பரவலின் வேகத்துக்கு அங்கே தடை இட முடிந்தது. மொழி மாதிரியின் விடைக்கு அத்தகைய தடை பொருந்தாது. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவுவதில்லை. கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே புதிதாக எழுகிறது. ஆகவே இங்கே காக்கவேண்டியது, விடை எந்த அளவையின் வழி வந்தது என்பதைக் காட்டும் அடையாளம்.

மொழி மாதிரி, தன்னளவில் அறிவனும் அன்று, பொய்யனும் அன்று. ஊருரையையும் நூலுரையையும் ஒரே நடையில் தருவதே அதன் இடர். நூலுரையை ஊராரின் ஐயத்துக்கு ஏற்ப எடுத்துத் தருவதே அதன் பயன். இவ்விரண்டுள் எது மேலோங்கும் என்பது, மழை வருமுன் அடையாற்றின் கிளைகளும் ஏரிகளும் பற்றிய மெய்ச்செய்தி தமிழில் எந்த அளவுக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது.